பேருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் என்ன பொருள்? ஒரு கிராமத்தின் ஆள் கணக்கையும் வழிக் கணக்கையும் சேர்த்துப் படிப்பது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். உங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டிலிருந்து உங்கள் ஊருக்கான வரிகளை எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஓர் இடத்தில் வீடுகள், ஆண், பெண், சிறு குழந்தைகள், பட்டியல் சாதியினர், எழுத்தறிந்தோர், உழைப்போர் என்று எண்கள். இன்னோர் இடத்தில் ‘அரசுப் பேருந்து: இல்லை, ஏ. தனியார் பேருந்து: இல்லை, பி. ரயில் நிலையம்: இல்லை, சி.’ அடுத்த கிராம சபையில் பேருந்து கேட்டுத் தீர்மானம் போடப் போகிறீர்கள். இந்த எண்களை அப்படியே எழுதிவிடலாமா, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். 2001, 2011 இரண்டு கணக்கெடுப்பிலும் வீடு வீடாகப் போயிருக்கிறேன். அதனால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று கொஞ்சம் தெரியும். எண்களை எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் வெறுமனே எழுதினால் அதிகாரி ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்: ‘5 கி.மீ.க்குள் பேருந்து வசதி உள்ளது.’ அந்த ‘ஏ’ என்ற எழுத்தின் பொருளே அதுதான். 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது என்றால் ஏ, 5 முதல் 10 வரை என்றால் பி, 10-க்கு மேல் என்றால் சி. நீங்கள் குறையாக நினைத்துக் காட்டுகிற எழுத்தை அவர் வசதியாக எண்ணிக்கொள்வார்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம் கையேட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அது இரண்டு பகுதி. (இந்த ஏ, பி பகுதியின் பெயர்; மேலே சொன்ன தூர எழுத்துகள் அல்ல.) ‘ஏ’ பகுதியில் கிராம விவரத் தொகுப்பு: பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை, பேருந்து. ‘பி’ பகுதியில் ஆட்கள். ஒன்றில் வழி, இன்னொன்றில் மனிதர்கள். இரண்டும் தனித்தனியாக வெளியாவதால் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதில்லை. ஆனால் ஊரில் அவை இரண்டு விஷயமே இல்லை. யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வழி முடிவு செய்கிறது. எந்த வழி வேண்டும் என்பதை ஆட்கள் முடிவு செய்கிறார்கள். உங்கள் மனுவின் பலம் முழுவதும் இந்த இரண்டையும் இணைத்துக் காட்டுவதில்தான் இருக்கிறது.

முதலில் ‘கிராமம்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கணக்கெடுப்பில் வருவது வருவாய்க் கிராமம், அதாவது புல எண்களும் எல்லைக் கல்லும் உள்ள நிலப்பரப்பு. நீங்கள் ‘எங்கள் ஊர்’ என்று சொல்வது வீடுகள் சேர்ந்திருக்கும் குடியிருப்பு. ஊராட்சி என்பது மூன்றாவது. சில இடங்களில் ஒரே வருவாய்க் கிராமத்தோடு ஒத்துப்போகும், சில இடங்களில் இரண்டு மூன்றைச் சேர்த்திருக்கும். தமிழ்நாட்டில் 2011-இல் 15,979 வருவாய்க் கிராமங்கள், அவற்றில் ஆளே குடியில்லாதவையும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஊராட்சிகளோ சுமார் 12,500. குடியிருப்புகள் இவற்றைவிடப் பல மடங்கு.

இந்தியா முழுக்கவும் இந்த அலகு ஒன்றாக இல்லை. கேரளத்தில் 2011-இல் கிராமங்கள் 1,018 மட்டும். ஊரக மக்கள் சுமார் 1.75 கோடி. ஒரு ‘கிராமத்துக்கு’ 17,000 பேர் விழுகிறது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கிராமங்கள், சராசரி 1,450 பேர் அளவில். இமாசலப் பிரதேசத்தில் 300 பேர். தமிழ்நாட்டில் 2,300-க்குச் சற்று மேல். கேரளக் கிராமத்தில் ‘பேருந்து உண்டு’ என்றால் அந்தப் பெரிய பரப்பில் எங்கோ ஒரு சாலையில் பேருந்து ஓடுகிறது என்று பொருள். இமாசலத்தில் ‘இல்லை’ என்றால் பத்து வீடுகள் ஒரு சரிவில் தனியாக இருக்கின்றன என்றுகூட இருக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட்டு ‘அங்கே இத்தனை சதவீதக் கிராமங்களுக்குப் பேருந்து இருக்கிறதே’ என்று மனுவில் எழுதாதீர்கள். அந்த ஒப்பீடு நிற்காது.

நம் பக்கத்தில் இது எப்படி உறைக்கும் என்றால், வருவாய்க் கிராமத்தில் ஊர்த்தெரு ஓரிடம், காலனி ஓரிடம், ஏரிக்கு அந்தப் பக்கம் பத்து முப்பது வீடுள்ள ஒரு குடியிருப்பு இன்னோரிடம். பேருந்து ஊர்த்தெருவின் முனைவரை வந்தால் முழுக் கிராமத்துக்கும் ‘உண்டு’ என்று விழுந்துவிடும். காலனியிலிருந்து அந்த முனை ஒன்றரை கிலோமீட்டர் இருக்கலாம். நடுவில் ஓடை இருக்கலாம். இந்த உள்தூரத்தைக் கையேடு சொல்லவே சொல்லாது. நான் கணக்கெடுத்த பகுதிகளில் அதிகம் நடக்க வேண்டியிருந்தது காலனிவாசிகளுக்குத்தான். பட்டியல் சாதியினர் எண்ணிக்கை ‘பி’ பகுதியில் இருக்கிறது, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது எந்தப் பகுதியிலும் இல்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்: எந்தக் குடியிருப்பில் எத்தனை வீடு, அங்கிருந்து பேருந்து நிற்கும் இடம் எத்தனை மீட்டர்.

பேருந்து நிற்கும் இடம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தெற்கே அதை விலக்கு என்பார்கள், உங்கள் பக்கம் கூட்டுரோடு, கோவைப் பக்கம் பிரிவு, டெல்டாவில் கைகாட்டி. ஒவ்வொரு வட்டாரமும் அதற்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறது என்றால், எத்தனை ஊர்கள் பேருந்தைத் தங்கள் ஊரில் அல்லாமல் முச்சந்தியில் சந்திக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கையேட்டின் ‘ஏ’ என்ற எழுத்து பெரும்பாலும் இந்தக் கூட்டுரோட்டுத் தூரம்தான். நாலு கிலோமீட்டர் என்பது பைக் இருப்பவருக்கு எட்டு நிமிடம். தலையில் கீரைக்கூடை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம். கர்ப்பிணிக்கு அது தூரமே இல்லை, தடை. கிலோமீட்டரை நிமிடமாக மாற்றி எழுதுங்கள். யாருடைய நிமிடம் என்பதையும் எழுதுங்கள்.

சரி, இப்போது ஆள் கணக்குக்கு வருகிறேன்.

கணக்கெடுப்பில் வரும் மக்கள்தொகை, ஊரைச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை அல்ல. 2011-இல் நாங்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனோம்; மார்ச் 1-ஆம் தேதி ஆதாரத் தேதி, அதாவது கணக்கு எந்த நாளுக்கானதோ அந்த நாள். அந்த இருபது நாளும் வெளியிலேயே இருந்தவர்களை அந்த வீட்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அவர்கள் இருக்கும் இடத்தில் சேர்ப்பார்கள் என்பது விதி. பிப்ரவரி எந்தக் காலம் என்று உங்களுக்குத் தெரியும். கரும்பு வெட்டு நடக்கும், செங்கல் சூளைகள் முழு வேகத்தில் எரியும். குடும்பத்தோடு சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் அதிகமுள்ள மாவட்டங்களில் உங்களுடையது ஒன்று. பூட்டிய வீடுகள் முன்னால் நின்றிருக்கிறேன். கிழவி ஒருத்தி மட்டும் திண்ணையில் இருப்பார், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சூளையில். அவர்களைச் சூளையில் யாராவது எண்ணியிருப்பார்கள் என்று நம்பித்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் உங்கள் ஊர் எண் குறைவாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். குடும்ப அட்டை எண்ணிக்கை, வாக்காளர் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் காரணத்தோடு எழுதினால் மனுவுக்கு நம்பகம் கூடும்.

இன்னொரு குறை, அந்த எண்ணின் வயது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாக வைத்து நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. அதுவரை அதிகாரபூர்வமாகக் கையில் இருப்பது 2011-தான். நகரத்தையொட்டிய ஊர்கள் இதற்குள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் மாற்றம் எதிர்த்திசையில் இருக்கலாம். 2001-க்கும் 2011-க்கும் நடுவே தமிழ்நாட்டின் ஊரக மக்கள்தொகை 6.6 சதவீதம்தான் கூடியது, நகர்ப்புறம் 27 சதவீதம். 6.6 என்பது சராசரி. அதற்குள் ஆள் குறைந்த கிராமங்கள் நிறைய. உங்கள் ஊரின் 2001 எண்ணையும் எடுத்து ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் ‘ஆளே குறைகிறார்கள், எதற்குப் பேருந்து’ என்று கேட்கக்கூடும். அதற்குப் பதில் பக்கத்து ஊரில் கிடைக்கும். அதே வட்டத்தில் பேருந்து உள்ள ஊரும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது நிலைத்து நின்று உங்களுடையது மட்டும் குறைந்திருந்தால், வழி இல்லாததால் ஆள் போயிருக்கிறார்கள் என்று சொல்ல இடம் இருக்கிறது.

எழுத்தறிவு வரியில் பலர் வழுக்குவார்கள். ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத்தான் வகுக்கும் எண்ணாக எடுக்க வேண்டும். கணக்குக்காக ஆயிரம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தறிந்தவர் 630, ஆறு வயதுவரை உள்ள குழந்தைகள் 100. ஆயிரத்தால் வகுத்தால் 63, தொள்ளாயிரத்தால் வகுத்தால் 70. இரண்டாவதுதான் சரி.

அந்தக் குழந்தைகள் எண் எழுத்தறிவுக்கு மட்டும் பயன்படுவதல்ல. 2011-இல் தமிழ்நாட்டில் இந்த வயதினர் மொத்த மக்களில் சுமார் 10.3 சதவீதம், இந்தியாவில் 13.6. நம் ஊர்களில் குழந்தைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கை குறையும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வெளியூர் போக வேண்டியிருக்கும். 2011-இல் ஆறு வயதுக்குள் இருந்தவர்கள் இன்று மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அந்த எண்ணை எடுத்து, ‘இவர்கள்தான் இன்று காலை எட்டு மணிக்குப் பேருந்து இல்லாமல் நிற்பவர்கள்’ என்று எழுதலாம். பழைய கணக்கெடுப்பு இப்படி இன்றைக்கும் பயன்படும்.

ஆண் பெண் எண்ணிக்கையையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது மாவட்ட அளவில் 2011-இல் நீலகிரியில் 1,042, தூத்துக்குடியில் 1,023, தருமபுரியில் 946. ஒரு சிற்றூரில் இந்த எண் மிக உயர்ந்திருந்தால் ஆண்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்பது முதல் ஊகம். அப்போது ஊரில் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் போய்வருகிறவர்கள் பெண்களும் முதியவர்களும். பைக் ஆணோடு வெளியூரில் இருக்கும், அல்லது வீட்டில் ஓட்ட ஆளில்லாமல் நிற்கும். 2011 வீட்டுப் பட்டியலின்படி ஊரக இந்தியாவில் 46.2 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது, இருசக்கர மோட்டார் வாகனம் 14.3 சதவீதத்தில்தான். இன்று இரண்டாவது எண் நிச்சயம் ஏறியிருக்கும். ஆனாலும் வீட்டுக்கு ஒரு வண்டி என்பதற்கும் ஆளுக்கு ஒரு வண்டி என்பதற்கும் நடுவே இருப்பவர்கள் பெண்கள்தான்.

உழைப்போர் பட்டியல்தான் உங்கள் மனுவுக்கு மிக முக்கியம். அதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும்.

முதன்மை உழைப்போர் என்றால் ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர். அதற்குக் குறைந்தால் குறு உழைப்போர். நூறு நாள் வேலைக்கு மட்டும் போகும் பெண்கள் இந்தக் குறு வரிசையில் விழுவார்கள். இரண்டு வகையையும் நான்காகப் பிரிப்பார்கள்: சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்பவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவர். இந்த ‘மற்றவர்’ என்ற வரியில் விரலை வையுங்கள். கொத்தனார், சித்தாள், துணிக்கடை விற்பனைப் பெண், ஓட்டுநர், கம்பெனித் தொழிலாளி, ஆசிரியர், செவிலியர் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஆலை இல்லை, பெரிய கடை இல்லை. அப்படியிருந்தும் ‘மற்றவர்’ எண்ணிக்கை கணிசமாக இருந்தால், அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஊரை விட்டு வெளியே போய்த் திரும்புகிறார்கள் என்று பொருள். பேருந்துக்கான தேவை என்று தனியாக ஓர் எண் கையேட்டில் இல்லை. ஆனால் இந்த வரி அதற்கு மிக நெருக்கமானது. 2001-இல் இந்த எண் என்ன, 2011-இல் என்ன என்று பாருங்கள். ஏறியிருந்தால் அந்த இரண்டு எண்ணையும் மனுவின் முதல் பத்தியிலேயே வையுங்கள். வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறார்கள் என்றும் 2011-இல் நாங்கள் கேட்டோம். ஆனால் பயிர் செய்பவர்களிடமும் விவசாயக் கூலிகளிடமும் அந்தக் கேள்வி இல்லை. நடவுக்கும் களையெடுக்கவும் டாடா ஏஸில் நெருக்கியடித்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் போகும் பெண்கள் அதனால் எந்தப் பயணக் கணக்கிலும் இல்லை. இது எனக்கு அப்போதே மனசை உறுத்தியது. படிவத்தில் இடமில்லாத பயணம்தான் மிக ஆபத்தான பயணமாகவும் இருக்கிறது.

ஊரின் ஆள் கணக்கும் வழிக் கணக்கும் எப்படி ஒன்றையொன்று இழுக்கும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: இருவேல்பட்டு. திருவெண்ணெய்நல்லூர் வட்டத்தில், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருக்கும் ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆய்வு செய்ய வைத்தார். அதில் இருவேல்பட்டும் ஒன்று. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவையும் உண்டு. 1930-களிலும் 1980-களிலும் அந்த ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் போனார்கள். ஒரே இந்தியக் கிராமத்தைத் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவு அபூர்வம். அங்கே தொடக்கத்தில் நிலம் சில பெரிய குடும்பங்களின் கையில், மற்றவர்களின் பிழைப்பு அந்த நிலத்தையே நம்பி. கடைசி முறை போனபோது விவசாயம் ஊரின் நடுவிடத்தை இழந்திருந்தது. வெளி வேலை, வெளி வருமானம் அந்த இடத்துக்கு வந்திருந்தது. காரணங்கள் பல, படிப்பும் அரசியலும் அதில் சேரும். ஆனால் வாசலில் நெடுஞ்சாலை ஓடாத ஊரில் இது இதே வேகத்தில் நடந்திருக்காது என்பது என் கணிப்பு. காலையில் வேலைக்குப் போய் இரவு வீட்டுக்குத் திரும்ப முடிந்தால் ஒருவர் தொழிலை மாற்றுவார், ஊரை மாற்ற மாட்டார். திரும்ப முடியாவிட்டால் ஊரையே மாற்றுவார். கணக்கெடுப்பில் முன்னவர் ‘மற்றவர்’ வரியில் தெரிவார். பின்னவர் உங்கள் ஊர்க் கணக்கிலேயே இருக்க மாட்டார்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் இருவேல்பட்டு மக்கள் நிவாரணம் கேட்டு மறியல் செய்தது நினைவிருக்கும். நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததால் மாநிலம் முழுக்கத் தெரிந்தது. அதே வெள்ளத்தில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இருந்த ஊர்கள் எத்தனையோ தவித்தன.

ஸ்லேட்டர் பட்டியலின் கங்கைகொண்டானையும் சேர்த்துச் சொல்கிறேன். திருநெல்வேலிக்கு வடக்கே, நெடுஞ்சாலையும் உண்டு, ரயில் நிலையமும் உண்டு, இப்போது சிப்காட் தொழில் வளாகமும் உண்டு. கையேட்டின் போக்குவரத்துக் கட்டங்களில் இப்படிப்பட்ட ஊருக்கு ‘உண்டு’ என்றே வரிசையாக விழும். ஆனால் பெரும்பாலான விரைவு வண்டிகள் அந்த நிலையத்தில் நிற்காமல் போய்விடும். ரயில் நிலையம் ‘உண்டு’ என்பதும் ரயில் ‘கிடைக்கும்’ என்பதும் வேறு. நெடுஞ்சாலைப் பேருந்துக்கும் இதே கதைதான். பைபாஸ் ரைடர், இடைநில்லாப் பேருந்து எல்லாம் கூட்டுரோட்டில் கைகாட்டினால் நிற்காது. உங்கள் கூட்டுரோட்டைக் கடக்கும் பேருந்து நூறு இருந்தாலும் நிற்பது எத்தனை என்பதுதான் கணக்கு.

ஆகவே கையேட்டில் இல்லாத நான்கைந்து விஷயங்களை நீங்களே திரட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் முடிந்துவிடும். வீட்டுக்கு வீடு போய், நேற்று யார் யார் ஊரை விட்டு வெளியே போனார்கள், எத்தனை மணிக்கு, எங்கே, எதில், எவ்வளவு செலவு என்று மட்டும் கேளுங்கள். ‘பேருந்து வேண்டுமா’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள், அதற்கு மதிப்பில்லை. நேற்று நடந்த பயணத்துக்குத்தான் மதிப்பு. அதை மணிவாரியாகப் பிரித்தால் காலை ஏழரையிலிருந்து எட்டரைவரை ஒரு குவியல் தெரியும், மாலையில் இன்னொன்று. இந்தக் குவியலைக் காட்டி நேரத்தோடு கேட்டால் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ‘பேருந்து விடுங்கள்’ என்று கேட்டால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு நடை வரும், கூட்டம் இருக்காது, மூன்று மாதத்தில் வசூல் இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இதுவே நடந்தது. நிறுத்தியதற்குக் காரணம் மக்கள் ஏறவில்லை என்று பதிவாகி, அடுத்த மனுவுக்கும் அதுவே தடையாக நின்றது.

கடைசிப் பேருந்தின் நேரத்தையும் எழுதுங்கள். என்னைக் கேட்டால் ஒரு கிராமத்தின் போக்குவரத்தைப் பற்றி ஒரே ஓர் எண் சொல்ல வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன். கடைசி வண்டி ஆறு மணி என்றால் நகரத்துத் துணிக்கடையில் எட்டு மணிவரை நிற்கும் வேலைக்கு அந்த ஊர்ப் பெண் போக முடியாது. மாலை வகுப்புக்குப் பிள்ளை போக முடியாது. இரவில் வந்து ஊரிலேயே தங்கி விடியற்காலையில் கிளம்பும் நைட் ஹால்ட் பேருந்து கிடைத்தால் இரண்டு முனையும் ஒரே நடையில் சரியாகிவிடும்: இரவு வேலை முடிந்து வருகிறவர்களும் ஏறலாம், காலையில் பால், காய்கறி கொண்டுபோகிறவர்களும் ஏறலாம். உங்கள் ஊரில் ஓட்டுநரும் நடத்துநரும் படுக்க ஓர் அறை, கழிப்பறை, தண்ணீர் ஊராட்சி ஏற்பாடு செய்து தரும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். அது இல்லாமல் நைட் ஹால்ட் கேட்டால் நடக்காது.

எந்த வகைப் பேருந்து என்பதையும் குறிப்பிட்டே கேட்க வேண்டும். கையேடு அரசுப் பேருந்தையும் தனியார் பேருந்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்திருக்கிறது; நீங்கள் எடுத்த வரிகளில் ஒன்றுக்கு ஏ, இன்னொன்றுக்கு பி என்று வெவ்வேறு தூரம் இருப்பது அதனால்தான். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பயண அட்டையும் அரசுப் பேருந்துக்குத்தான். மினி பஸ் தனியார் ஓட்டுவது. 1997-இல் தொடங்கிய திட்டம், 2025 ஜூனில் விரிவாக்கி மறுபடி தொடங்கினார்கள். வழித்தடம் 25 கிலோமீட்டர்வரை இருக்கலாம், அதில் பெரும்பகுதி பேருந்து போகாத பாதையாக இருக்க வேண்டும். ஊருக்குள் நுழைந்து வருவதில் மினி பஸ்ஸுக்கு இணையில்லை; டிக்கெட் வாங்க வேண்டும் என்பது அதன் குறை. தினமும் போய்வரும் பெண்ணுக்கு அது மாதச் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரிகிற வெட்டு. அதனால் காலை, மாலை இரண்டு நடை அரசு நகரப் பேருந்து, நடுப்பகலில் மினி பஸ் என்று பிரித்துக் கேட்பதே உங்கள் ஊருக்குச் சரி என்று நினைக்கிறேன்.

சாலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை: உண்டு’ என்று இருப்பதால் பேருந்து வந்துவிடாது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் உள்ள குடியிருப்புக்கு ஒரு சாலை இணைப்பு என்ற கணக்கில் போடப்பட்டது. அதில் சாலை மூன்று மீட்டர் அல்லது மூன்றே முக்கால் மீட்டர் அகலம். பேருந்தே இரண்டரை மீட்டர். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் இருவரில் ஒருவர் வயலில் இறங்க வேண்டும். வழித்தடம் பார்க்க வருகிறவர்கள் மூன்று விஷயம் கவனிப்பார்கள்: சிறுபாலம் தாங்குமா, மின்கம்பியும் மரக்கிளையும் இடிக்குமா, ஊர்க் கடைசியில் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா. பல மனுக்கள் திரும்ப இடமில்லை என்ற ஒரே காரணத்தால் கிடப்பில் போகின்றன. கோயில் முன்னாலோ ஏரிக்கரையிலோ புறம்போக்கு இருந்தால் புல எண்ணோடு குறித்துக் கொடுங்கள். காலனிக்கு அப்பால் திரும்ப இடம் பாருங்கள், ஊர்த்தெருவில் அல்ல. வண்டி எங்கே திரும்புகிறதோ அதுதான் கடைசி நிறுத்தம். கடைசி நிறுத்தம் காலனியில் இருந்தால் நடுவில் இருக்கும் ஊர்த்தெருவுக்கும் பேருந்து உண்டு. மாற்றி வைத்தால் காலனி மறுபடியும் நடக்கும்.

எங்கே, எப்போது கொடுப்பது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்திருக்கின்றன. தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, பேருந்துக் கிளைக்கு ஒன்று, மினி பஸ்ஸுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒன்று. அதற்கு முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு கேள்வி போட்டுவிடுங்கள்: உங்கள் கூட்டுரோட்டைக் கடக்கும் நகரப் பேருந்துகளின் தடம் எண், நேரம், கடந்த ஆறு மாதத்தில் ரத்தான நடைகள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘பேருந்து உண்டு’ என்று தாளில் இருந்து தரையில் ஓடாத நடைகள் அதில் தெரியவரும்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. கையேட்டின் ‘ஏ’ பகுதியை எங்களைப் போல வீடு வீடாகப் போனவர்கள் நிரப்புவதில்லை. அது பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் தரும் விவரத்தை வைத்து எழுதப்படுவது. அந்தந்தக் குடியிருப்பிலிருந்து பேருந்து நிற்கும் இடத்தின் தூரம், ஓடும் நடைகள், கடைசி வண்டி நேரம் ஆகியவற்றை நீங்கள் திரட்டி முடித்ததும் இருவருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். 2027 கணக்கெடுப்புக்கான தொகுப்பு நிரப்பும் நாளில் அந்தத் தாள் அவர்கள் மேசையில் இருக்கட்டும்.